நிறை

வெள்ளை வாளி, சிவப்பு மூடி.
ஒட்டுத்தாளில் ஃபஸ்லூனா, வயது இருபத்தாறு,
கொம்பனித்தெரு.
காலை ஒன்பதுக்குள் இது நான்காவது.

துடைத்துத் தராசில் வைத்தேன்.
கொடி வழுக்கி வந்து
என் கையுறையில் சுற்றிக்கொண்டது.
முப்பத்தேழு கிழமை உழைத்ததற்கு
நிறை குறைவு.
வெட்டினேன்.
ஈரல் நிறம் இருக்கவேண்டிய இடமெல்லாம்
ஈரச் சாம்பல்.

தமிழில் இதற்கு நஞ்சு என்று பெயர்.
யார் வைத்தார்களோ.
பிள்ளை வந்த பின்னும் உள்ளே தங்கினால்
தாயைக் கொண்டுபோய்விடும் என்ற பயத்தில்
வைத்திருக்கலாம்.
பள்ளிக்கூடப் புத்தகத்தில் சூல்வித்தகம்.
அடுத்த மேசை நிலூஷி சொல்லும் சிங்களச் சொல்லின் வாலில்
ஒரு ‘மஹ’ கேட்கும்.
பெரியது என்றா அர்த்தம், என்று கேட்டேன்.
வாளி கழுவிக்கொண்டே யோசித்தாள்.
தெரியாது அக்கா.

மடகஸ்காரில் கல் வாங்கும் கணவனோடு
ஒன்பது மாதம் இருந்தவள் ஃபஸ்லூனா.
அங்கே ஒரு காய்ச்சல், ஏதோ குளிசை,
விட்டுப்போனது.
இங்கே கிளினிக்கில் மூன்று தரம் விரலில் குத்தினார்கள்.
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை.
முகம் மட்டும் வெளிறிக்கொண்டே போனது.
கொக்கிப்புழுவாக இருக்கும் என்று
பூச்சிக்குளிசை கொடுத்தார்கள்.

இருந்தது இங்கே.
சடைமுளைகளின் நடுவே
தாயின் இரத்தம் தங்கிப் போகும் சந்துகளில்
மாலை ஆறு மணிக் கோட்டை ஸ்டேஷன் நெரிசல்.
சிவப்பணுவுக்குள் குடியேறி
தின்று முடித்துத் துப்பிய கரி.
சுவரில் கை வைத்தபடி நிற்கின்றன எல்லாம்.
சுவருக்கு அந்தப்பக்கம்,
தலைமயிர் ஒன்றின் பருமன்கூட இல்லாத தூரத்தில்
பிள்ளையின் இரத்தம்.
ஆறு தகடுகளில் தேடினேன்.
அதில் ஒன்றும் இல்லை.

இளம் டொக்டர்கள் வரிசையில் வந்து
ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்கள்.
இந்தத் தீவை விட்டுப் போன நோய்,
பரீட்சைப் படத்தில் மட்டும் கண்டது.
எனக்குப் பதினான்கு வயதில்
வவுனியாவில் வந்தது. சொல்லவில்லை.

காவல் என்று எழுதப் போகிறது கை.
வேண்டாம்.
போன வருடம் தெமட்டகொடைப் பெண் ஒருத்தியின் நஞ்சு
பார்க்க அழகு. நிறை சரி, நிறம் சரி.
டொக்ஸோபிளாஸ்மா அதற்குள்ளால் நடந்துபோய்
பிள்ளையின் கண்ணில் தங்கிவிட்டது.
இதுவும் சதைதான்.
சிலதை மறிக்கும், சிலதை அறியாது.
மறித்து நின்ற நெரிசலில்
சோறும் குறைவாய்த்தான் போயிருக்கிறது:
ஃபஸ்லூனாவின் மகள் இரண்டு கிலோ நூறு.

பின்னேரம் கவுண்டரில் ஒரு பொடியன்,
கையில் கழுவிய ஐஸ்கிறீம் பெட்டி.
ராத்தாட நஞ்சு. புதைக்கத் தருவீங்களா மிஸ்?
ஃபோமலினில் ஊறியது, தர இயலாது என்றேன்.
தந்தாலும் எங்க புதைக்கிற, என்றான் அவனே,
நாங்க ஈக்கிறது பதினெட்டாம் மாடி.
பெட்டியைத் திறந்தான், மூடினான்.
போகவில்லை.

ராத்தா ஒண்டு கேக்கச் சொன்னா.
புள்ளைட நிறை கார்ட்ல எழுதித் தந்தாங்க.
இதுட நிறை எவ்வளவு?

பன்னிரண்டு வருடத்தில் யாரும் கேட்டதில்லை.
தெரிந்திருந்தும்
பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
முந்நூற்றுத் தொண்ணூறு கிராம்.
அவன் ஃபோனை எடுத்து
2100 என்ற எண்ணுக்குக் கீழே
தட்டிக்கொண்டான்.